மெட்டாரும் டாஃபும் படிப்பது எப்படி: பறக்கக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விமானப் பயிற்சியின் முதல் இரண்டு மாதங்களில் விமான நிலைய வானிலை அறிக்கையைக் கையில் கொடுத்தால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும் எனக்கு. சுருக்கெழுத்துப் பட்டியல் ஒன்றை அகர வரிசையில் உருப்போட்டேன். அப்படியும் ஒரு முழு வரியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது பிடிபடவில்லை. மெட்டார் எனப்படும் இந்த அறிக்கையில் ஒவ்வொரு செய்திக்கும் மாறாத இடம் உண்டு என்பதையும், நேரம், காற்று, பார்வைத் தூரம், நடப்பு வானிலை, மேகம், வெப்பநிலை, அழுத்தம் என்ற அந்த வரிசை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதையும் யாரேனும் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதங்கள் மிச்சமாகியிருக்கும். எனவே நீங்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது வரிசையை. எழுத்துகள் பின்னால் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

அசல் அறிக்கை ஆங்கிலப் பேரெழுத்துகளில் வரும். இங்கே அந்த எழுத்துகளின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். கீழ்க்காணும் வரி விளக்கத்துக்காக நானே அமைத்தது. நிலையக் குறியை மட்டும் சேர்க்கவில்லை.

மெட்டார் 140330இசட் 24012ஜி24கேடி 200வி270 3000 -டிஎஸ்ஆர்ஏ பிஆர் எஸ்சிடி018சிபி பிகேஎன்080 26/25 கியூ1004 டெம்போ 1500 டிஎஸ்ஆர்ஏ

1. ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள். செலவு செய்ய அவசரப்படாதீர்கள்

அறிக்கைகளுக்குப் பணம் தர வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் ஏவியேஷன் வெதர் சென்டர் தளத்தில் உலகின் பெரும்பாலான விமான நிலையங்களின் மெட்டாரும், டாஃப் எனப்படும் வானிலை முன்னறிவிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பறப்பதற்கான அதிகாரபூர்வ விளக்கத்தை உங்கள் நாட்டின் வானிலைச் சேவையிடமிருந்தே பெறுங்கள்.

விதிகளுக்கு மூன்று ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். முதலாவது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ வெளியிடும், வானிலைச் சேவை பற்றிய மூன்றாவது இணைப்பு (அனெக்ஸ் 3). இது விலைக்கு விற்கப்படுவதால், பயிற்சிப் பள்ளி நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, உலக வானிலை அமைப்பின் 306ஆம் எண் கொண்ட குறியீட்டுக் கையேடு. இதை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவதும் அன்றாடம் கைகொடுப்பதும், ஏஐபி எனப்படும் உங்கள் நாட்டின் வான்போக்குவரத்துத் தகவல் வெளியீடு. அதன் பொதுப் பிரிவில் 3.5ஆம் பகுதி வானிலைச் சேவைகளை விவரிக்கிறது, 1.7ஆம் பகுதி இக்காவோ விதிகளிலிருந்து அந்த நாடு எங்கெங்கே விலகுகிறது என்பதைப் பட்டியலிடுகிறது. வேறு நாட்டில் பயிற்சிக்குச் செல்பவர்கள் இந்த இரண்டாவது பட்டியலைப் படிக்காமல் விமானத்தில் ஏறக் கூடாது என்பேன்.

கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கையை எளிய சொற்களில் பெயர்த்துத் தரும் செயலிகள் உண்டு. முதல் ஆண்டில் அவற்றை வாங்காதீர்கள். எழுத்துத் தேர்வில் கேள்விகள் பெயர்க்காத குறியீட்டில்தான் வரும்; பெயர்ப்பைப் பார்த்தே பழகியவரின் கண் அங்கே தடுமாறும்.

2. முதலில் நிலையத்தையும் நேரத்தையும் பாருங்கள்

நிலையக் குறி நான்கு எழுத்துகள் கொண்டது. பயணச்சீட்டில் காணும் மூன்றெழுத்துக் குறி இங்கே பயன்படாது. லண்டன் ஹீத்ரோ பயணச்சீட்டில் எல்எச்ஆர். வானிலை அறிக்கையிலோ ஈஜிஎல்எல். ஒரே நகரத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் இருக்கும்போது தவறான நிலையத்தின் அறிக்கையை அச்செடுத்துவிடுவது வெகு எளிது.

அடுத்து வரும் 140330இசட் என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் மாதத்தின் தேதி. மீதி நான்கும் மணியும் நிமிடமும். ஆகவே இது 14ஆம் தேதி, 03:30 மணி. மாதமும் ஆண்டும் குறிக்கப்படுவதே இல்லை. இசட் என்ற எழுத்து, இது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. நான் முதன்முதலில் தனியாக வழியறிந்து பறக்கவிருந்த நாளில், முன்னறிவிப்பின் நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டு, மழை ஓய்ந்துவிடும் என்று கணக்கிட்டு, ஓயவே ஓயாத மழையைப் பார்த்தபடி விமானக் கூடாரத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் காட்டினார். உலகப் பொது நேரத்துக்கு முந்திய நேர மண்டலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: உங்களிடம் புது நாள் பிறந்த பிறகும் சில மணி நேரம் அறிக்கையில் முந்திய நாளின் தேதியே நிற்கும். அதைப் பழைய அறிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வழக்கமான மெட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையோ அரை மணி நேரத்துக்கு ஒருமுறையோ வெளியாகும். இடையில் வானிலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் ஸ்பெசி என்ற தலைப்பில் சிறப்பு அறிக்கை வரும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மெட்டார் தரும் நிலையங்களில் பெரும்பாலும் அது தனியாக வெளியாவதில்லை. நேரத்துக்குப் பின் ஆட்டோ என்ற சொல் இருந்தால், மனிதக் கண் பார்க்காமல் கருவிகளே தந்த அறிக்கை என்று பொருள். கருவி தன் தலைக்கு மேலே உள்ள வானத்தை நன்றாக அளக்கும். ஓடுபாதையின் மறுமுனையில் திரளும் மேகத்தைத் தவறவிடலாம்.

3. காற்று: எந்த வடக்கிலிருந்து அளக்கிறார்கள்?

24012ஜி24கேடி என்பதில் முதல் மூன்று இலக்கங்கள் திசை, அடுத்த இரண்டும் வேகம், ஜி என்பதன் பின் வருவது திடீர் வீச்சின் உச்ச வேகம், கேடி என்பது நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகு. காற்று 240 பாகையிலிருந்து வருகிறது. அத்திசை நோக்கிப் போகவில்லை. சில நாடுகள் நாட் அலகுக்குப் பதில் விநாடிக்கு மீட்டர் என்ற அலகைப் பயன்படுத்துகின்றன. அங்கே வரும் 12 என்ற எண், நாட் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள்.

இக்காவோ விதிப்படி இந்த வேகம் கடைசிப் பத்து நிமிடங்களின் சராசரி. அந்தச் சராசரியைவிடக் குறைந்தது 10 நாட் கூடுதலான வீச்சு இருந்தால்தான் ஜி குறிக்கப்படும். எனவே ஜி இல்லை என்பதைக் காற்று சீராக இருக்கிறது என்று படிக்கக் கூடாது. சராசரி 15, வீச்சு 24 என்றிருந்தாலும் அறிக்கை அதைச் சொல்லாமல் கடந்துவிடும். 200வி270 என்ற அடுத்த தொகுதி, திசை அந்த இரண்டு எல்லைகளுக்கிடையே ஊசலாடுகிறது என்கிறது. ஊசலாட்டம் 60 பாகையை எட்டினால்தான் இது வரும். 00000கேடி என்றால் காற்றே இல்லை. திசைக்குப் பதில் விஆர்பி என்றிருந்தால் திசை நிலையில்லை.

எல்லாரும் ஒருமுறையாவது விழும் பள்ளம் இது: அறிக்கையில் எழுதப்படும் திசை மெய் வடக்கிலிருந்து அளக்கப்பட்டது. ஓடுபாதை எண்ணும், கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் சொல்லும் காற்றும் காந்த வடக்கிலிருந்து அளக்கப்படுபவை. கண்ணால் படிப்பது மெய் வடக்கு, காதால் கேட்பது காந்த வடக்கு என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன். இவ்விரு வடக்குகளுக்கும் இடையிலான கோணமான காந்த விலக்கம் ஒன்றிரண்டு பாகையாக இருக்கும் இடங்களில் இதனால் தொல்லை இல்லை. பதினைந்து, இருபது பாகை இருக்கும் இடங்களில் குறுக்குக் காற்றுக் கணக்கே மாறிவிடும்.

அந்தக் கணக்குக்கு முக்கோணவியல் தேவையில்லை. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம் 15 பாகையானால் காற்றின் வேகத்தில் கால் பங்கும், 30 ஆனால் பாதியும், 45 ஆனால் முக்கால் பங்கும், 60க்கு மேல் முழுவதும் குறுக்குக் காற்று என்று கொள்ளலாம். விலக்கம் புறக்கணிக்கத்தக்கது என்று வைத்துக்கொண்டால், நம் எடுத்துக்காட்டில் 27ஆம் எண் (270 பாகை) ஓடுபாதைக்குக் கோணம் 30. சராசரியில் 6 நாட், வீச்சில் 12 நாட். திசை 200 வரை ஊசலாடுவதால், மோசமான நொடியில் 24 நாட் வேகத்தில் ஏறத்தாழ முழுவதுமே பக்கவாட்டில் அடிக்கக்கூடும். மாணவ விமானிக்குப் பயிற்சிப் பள்ளி விதித்திருக்கும் எல்லையோடு இந்தக் கடைசி எண்ணை ஒப்பிடுங்கள், முதல் எண்ணை அல்ல.

4. பார்வைத் தூரம்

இக்காவோ முறையில் இது மீட்டரில் நான்கு இலக்கம். 3000 என்றால் மூன்று கிலோமீட்டர். 9999 என்றால் பத்து கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். நான் அதைக் கருவி பழுது என்று நினைத்து ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன். எண்ணைத் தொடர்ந்து மற்றோர் எண்ணும் திசையும் வந்தால், அத்திசையில் பார்வைத் தூரம் அவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள்.

அமெரிக்க அறிக்கைகளில் அலகு நில மைல். எண்ணின் இறுதியில் எஸ்எம் என்று வரும். அங்கே ஒன்றரை மைலை எழுதும்போது ஒன்றுக்கும் அரைக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள். அவசரத்தில் படிப்பவர் அந்த ஒன்றைக் காற்றுத் தொகுதியின் மிச்சம் என்று விட்டுவிட்டு அரை மைல் என்றே எடுத்துக்கொள்வார்.

ஆர் என்று தொடங்கி ஓடுபாதை எண்ணோடு வரும் தொகுதி, அந்த ஓடுபாதையில் கருவியால் அளந்த பார்வைத் தூரம். பார்வைத் தூரம் 1500 மீட்டருக்குக் கீழே போனால்தான் இது தோன்றும். தோன்றும் நாளில் மாணவர் பறக்கப் போவதில்லை என்பதால் மேலே செல்வோம்.

5. நடப்பு வானிலை: இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரியுங்கள்

-டிஎஸ்ஆர்ஏ என்பதைப் பிரித்தால் கழித்தல் குறி, டிஎஸ், ஆர்ஏ. டிஎஸ் இடிமின்னல், ஆர்ஏ மழை, கழித்தல் குறி லேசான அளவு. கூட்டல் குறி கடுமையைக் குறிக்கும். குறியே இல்லாவிட்டால் மிதமானது. இந்தக் குறி மழைக்கு உரியது, இடிக்கு உரியதன்று. லேசான மழையோடு கூடிய இடிமேகம் லேசான இடிமேகம் ஆகிவிடாது. என்னோடு பயின்ற ஒருவர் அந்தக் கழித்தல் குறியை நம்பிப் புறப்பட ஆயத்தமானதும், பயிற்றுநர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் இன்றும் எங்களுக்குள் பேச்சு.

சில சுருக்கங்கள் ஆங்கிலச் சொல்லோடு பொருந்தாததற்குக் காரணம் அவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. பிஆர் என்பது பிரூம், அதாவது மென்பனி. நான் அதைத் தென்றல் என்று வாய்மொழித் தேர்வில் சொல்லி மாட்டிக்கொண்டேன். எஃப்யூ புகை, ஜிஆர் ஆலங்கட்டி. எஃப்ஜி மூடுபனி, டிஇசட் தூறல், எஸ்என் பனிப்பொழிவு, எச்இசட் வறண்ட மங்கல் ஆகியவை ஆங்கில வழி வந்தவை. பிஆருக்கும் எஃப்ஜிக்கும் எல்லை பார்வைத் தூரமே: 1000 மீட்டருக்குக் கீழே மூடுபனி, 1000 முதல் 5000 வரை மென்பனி.

விசி என்று தொடங்கினால் அந்த நிகழ்வு நிலையத்தில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது; இக்காவோ முறையில் ஏறத்தாழ 8 முதல் 16 கிலோமீட்டருக்குள். இறங்கும் பாதை அந்தப் பக்கமாகவே வருமானால் இந்த வேறுபாட்டால் உங்களுக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. எஃப்இசட் என்ற முன்னொட்டு உறைநிலையைக் குறிக்கும். உறைமழை என்று கண்டால், பனித்தடுப்பு வசதியில்லாத சிறு விமானத்தில் அன்றைய திட்டத்தை மூடிவையுங்கள்.

6. மேகம்: உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள்?

வானத்தை எட்டுப் பங்காகப் பிரிப்பார்கள். ஃபியூ என்பது 1 முதல் 2 பங்கு, எஸ்சிடி 3 முதல் 4, பிகேஎன் 5 முதல் 7, ஓவிசி 8 பங்கும். பின்வரும் மூன்று இலக்கங்களோடு இரண்டு பூச்சியங்களைச் சேர்த்தால் மேகத்தின் அடிப்பகுதி அடிக்கணக்கில் கிடைக்கும். பிகேஎன்080 என்றால் 8000 அடி. இந்த உயரம் விமான நிலையத் தரையிலிருந்து அளக்கப்படுகிறது. உங்கள் உயரமானியோ கடல் மட்டத்திலிருந்து காட்டுகிறது. நிலையம் 2900 அடி உயரத்தில் இருந்து, மேகம் பிகேஎன்015 என்று வந்தால், உயரமானி 4400 அடியைத் தொடும்போது நீங்கள் மேகத்துக்குள் இருப்பீர்கள். சமவெளி நிலையத்தில் பழகியவர் மலைப்பகுதி நிலையத்துக்கு முதன்முறை போகும்போது இந்தக் கூட்டலை மறப்பது இயல்பு என்பதால், அறிக்கையை அச்செடுத்தவுடனே நிலைய உயரத்தை அதன் ஓரத்தில் எழுதிவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பின் சிபி வந்தால் அது இடிமழை தரும் கார்திரள் மேகம். டிசியூ வந்தால் கோபுரம்போல் வளரும் திரள்மேகம். எத்தனை பங்கு என்பது இங்கே இரண்டாம்பட்சம். ஃபியூவாக இருந்தாலும் சிபி சிபிதான்.

மேகமே குறிப்பிடப்படாத நிலைகளில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். என்எஸ்சி என்றால் பொருட்படுத்த வேண்டிய மேகம் இல்லை என்று பொருள். வானம் வெறுமையாக இருக்கிறது என்பதன்று. என்சிடி என்றால் தானியங்கிக் கருவி மேகம் எதையும் காணவில்லை. கேவோகே என்ற சொல் பார்வைத் தூரம், வானிலை, மேகம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக வருவது: பார்வைத் தூரம் குறைந்தது 10 கிலோமீட்டர், 5000 அடிக்குக் கீழே, அல்லது மலைகளை முன்னிட்டு வகுத்த அப்பகுதியின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் அதைவிட அதிகமானால் அதற்குக் கீழே, மேகம் இல்லை, கார்திரளும் கோபுர மேகமும் இல்லை, குறிப்பிடத்தக்க வானிலையும் இல்லை. 6000 அடியில் வானம் முழுவதும் மூடியிருந்தாலும் கேவோகே வரக்கூடும். அமெரிக்க அறிக்கைகளில் இந்தச் சொல்லே கிடையாது.

7. வெப்பநிலையும் அழுத்தமும்

26/25 என்பது வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), செல்சியஸில். எம் என்ற எழுத்து முன்னால் இருந்தால் பூச்சியத்துக்குக் கீழே. இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்குக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. மாலையிலிருந்து வந்த நான்கைந்து அறிக்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வித்தியாசம் 6, 4, 2 என்று சுருங்கி வருவதையும் காற்று அடங்கி வருவதையும் கண்டால், விடியற்காலை மூடுபனிக்கு ஆயத்தமாகுங்கள்.

கியூ1004 என்பது கடல் மட்ட அளவுக்குக் கணக்கிட்ட அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். உயரமானியில் இதைத்தான் திருகி வைக்கிறோம். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரம் ஏறத்தாழ 27 முதல் 30 அடி பிசகும். அமெரிக்க முறையில் இதே செய்தி ஏ என்ற எழுத்தோடு, பாதரச அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில் வரும்; ஏ2992 என்றால் 29.92 அங்குலம், அதாவது 1013 ஹெக்டோபாஸ்கல். இங்கே உயிருக்கே உலை வைக்கும் குழப்பம் ஒன்று உண்டு. வானொலியில் 992 என்று மட்டும் கேட்டவர், அதை 29.92இன் சுருக்கம் என்று எண்ணி அங்குலத்தில் வைத்துவிட்டால், வித்தியாசம் 21 ஹெக்டோபாஸ்கல். விமானம் உண்மையில் இருக்கும் உயரத்தைவிட ஏறத்தாழ 600 அடி மேலே இருப்பதாக உயரமானி காட்டும்.

8. வரியின் வால்

நோசிக் என்றால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை. டெம்போ 1500 டிஎஸ்ஆர்ஏ என்றால் அதே இரண்டு மணி நேரத்தில் அவ்வப்போது இடிமழையால் பார்வைத் தூரம் 1500 மீட்டராகக் குறையலாம். ஆர்எம்கே என்பதற்குப் பின்வருபவை அந்தந்த நாட்டின் உள்குறிப்புகள். அவற்றுக்கு ஏஐபியைப் புரட்டுங்கள்.

9. டாஃப்: முன்னறிவிப்பை எப்போதும் கெட்ட பக்கமாகவே படியுங்கள்

மெட்டார் ஒரு கணத்தின் பதிவு. நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் என்ன இருக்கும் என்பதை டாஃப்தான் சொல்லும். எழுத்துகளும் வரிசையும் அதேதான். வெப்பநிலையும் அழுத்தமும் பெரும்பாலும் இருக்காது. 1406/1512 என்பது செல்லுபடிக் காலம்: 14ஆம் தேதி 06 மணி முதல் 15ஆம் தேதி 12 மணி வரை. இங்கே ஒவ்வொரு பாதியிலும் தேதியும் மணியும் மட்டுமே உள்ளன, நிமிடம் இல்லை. 24 அல்லது 30 மணி நேர டாஃப் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும், 12 மணி நேரத்துக்குக் குறைவானது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். புதியது வெளியானதும் பழையது செல்லாது. ஏஎம்டி என்ற குறி இருந்தால் இடையிலேயே திருத்தியிருக்கிறார்கள். அதன் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

மாற்றங்களைக் குறிக்கும் சொற்கள் நான்கு. எஃப்எம் என்பதன் பின் தேதி, மணி, நிமிடம் என ஆறு இலக்கங்கள் வரும். அந்த நேரத்திலிருந்து முந்தைய நிலை முழுவதும் நீங்கிப் புதிய நிலை தொடங்கும். பிஇசிஎம்ஜி 1410/1412 என்றால் 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் மாறி, பிறகு அப்படியே நிலைக்கும். டெம்போ என்றால் வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும், மொத்தத்தில் அக்காலத்தின் பாதிக்குக் குறைவாகவும் இருக்கும். பிராப்30, பிராப்40 என்பவை நிகழ்வதற்கான வாய்ப்பு விழுக்காடு.

பிஇசிஎம்ஜியில் நான் கடைப்பிடிக்கும் முறை இது: நிலைமை மோசமாகும் என்றால் அக்காலத்தின் தொடக்கத்திலேயே மோசமாகிவிட்டது என்றும், சீராகும் என்றால் அதன் முடிவில்தான் சீராகும் என்றும் வைத்துக்கொள்வேன். பிராப்30 என்பதை முப்பதுதானே என்று தள்ளிவிடவும் மாட்டேன். இடிமழைக்குப் பத்தில் மூன்று வாய்ப்பு என்றால், மாற்று நிலையத்துக்குப் போதுமான எரிபொருளோடு புறப்பட அதுவே போதிய காரணம்.

10. புறப்படும் நாளின் கால ஒழுங்கு

முந்தைய இரவு டாஃபை மட்டும் பார்த்து, போகலாமா என்று பொதுவாக முடிவு செய்யுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, புறப்படும் நிலையம், சேரும் நிலையம், மாற்று நிலையம் ஆகிய மூன்றின் புதிய டாஃபையும் கடைசி மூன்று நான்கு மெட்டார்களையும், ஆபத்தான வானிலைக்கான சிக்மெட் எச்சரிக்கைகளையும் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு நேரத்தின் அருகிலும் உள்ளூர் நேரத்தைக் கையால் எழுதுங்கள். உங்கள் சேரும் நேரத்தை டாஃபின் மேல் கோடாக இழுத்து, அக்கோட்டில் எந்தெந்த மாற்றங்கள் விழுகின்றன என்று பாருங்கள். இவ்வளவுக்கும் பழகாத கைக்கு நாற்பது நிமிடம் ஆகும். மூன்று வாரம் தினமும் பத்து அறிக்கைகளைப் படித்துப் பழகினால் பத்து நிமிடத்தில் முடியும்.

இயந்திரத்தை இயக்குவதற்கு முன், நிலையம் வானொலியில் தொடர்ந்து ஒலிபரப்பும் ஏட்டிஸ் தகவலைக் கேட்டு, அதற்குரிய அடையாள எழுத்தையும் அழுத்தத்தையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் உள்ள அழுத்தத்துக்கும் கேட்டதற்கும் ஓரிரண்டு ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வேறுபாடு இருந்தால், நீங்கள் வைத்திருப்பது பழைய அறிக்கையாகவோ வேறொரு நிலையத்தின் அறிக்கையாகவோ இருக்கலாம். இயந்திரத்தை இயக்காமல், அறிக்கையின் தொடக்கத்துக்குப் போய் மீண்டும் நான்கெழுத்துக் குறியிலிருந்து தொடங்குங்கள்.